பிளேட்டுல இருக்கற பேரு

உக்காரு கண்ணு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இப்டி கட்டில்லயே உக்காரு. பேசறத புடிக்கற மெஷினா இது? இம்மாந்தூண்டா? வை, வை. நான் சொல்றதெல்லாம் உள்ள போவட்டும். ஆனா முன்னாடியே ஒண்ணு சொல்லிட்றேன். நீ மெட்ராஸ்லேருந்து ரயிலேறி வந்து, நோரீன் அம்மாவப் பத்தி சொல்லுங்க, நோரீன் அம்மாவப் பத்தி சொல்லுங்கன்னு கேட்டா, நல்லதா ஒண்ணியும் வராது. எனக்கு எம்பத்தியோரு வயசு. இனிமே இன்னாத்துக்குப் பொய்?

நோரீன் டிக்ரூஸ். சட்டக்காரப் பொண்ணு, ஆங்கிலோ இந்தியன்னு சொல்லுவீங்களே, அது. செவப்பு, பூனக் கண்ணு, இடுப்பு இவ்ளோதான். அவங்க அப்பா ஸ்டோர்ல கிளார்க்கு. பங்களா லைன்ல வூடு. அவளுக்குப் பாட வராது. இத நல்லா எழுதிக்க. குரல் உண்டு, இல்லன்னு சொல்லல. கோயில்ல எல்லாரோடயும் சேந்து பாடினா தெரியாது. தனியா நின்னா, தண்ணி கம்மியா வர்ற கொழா மாதிரி இருக்கும்.

அந்த கிராமபோன் பிளேட்டுல பாடினது நான். மதலேன். சவரிமுத்து பொண்ணு மதலேன்.

இரு, மொதல்லேருந்து சொல்றேன்.

எங்க நைனா தங்கச் சுரங்கத்துல டிரில்லு மெஷின் புடிக்கற ஆளு. பூமிக்கு அடியில, அம்மாம் ஆழத்துல, பாறை சில சமயம் தானா வெடிக்கும். ஏர் பிளாஸ்ட்டுன்னு சொல்லுவோம். மேல வூட்டுல அலமாரி டம்ளரெல்லாம் கடகடன்னு ஆடும். ஆடிச்சுன்னா பொம்பளைங்க போட்டது போட்டபடி சுரங்கத்துக்குள்ள எறங்கற ஷாஃப்ட்டு வாய்க்கு ஓடுவோம். ஐம்பத்தஞ்சாம் வருசம் பொரட்டாசியில ஒரு நாள் காலையில ஆடிச்சு. நானும் ஓடினேன். அப்போ எனக்குப் பதினேழு. அம்மா அதுக்கு முன்னாடியே போய்ட்டாங்க. எனக்குன்னு இருந்தது நைனா ஒருத்தருதான்.

ஆளுங்கள ஏத்திக்கினு வர்ற கூண்டு இருக்குதே, கேஜு, அது மேல வரும். கதவு தொறக்கும். எவனோ எறங்குவான், எவளோ ஓடிப் போய்க் கட்டிப்பா. மறுபடியும் கீழ போவும். மறுபடியும் மேல வரும். எங்க நைனா எறங்கல. அஞ்சாவது தபாவோ ஆறாவது தபாவோ, எனக்கே தெரியாம என் வாயி தொறந்துக்கிச்சு.

ஏறி வர்ற கூண்டே, எங்க
நைனாவ ஏத்தி வந்தியா?
எறங்கிப் போற கூண்டே, அவர
எந்தக் குழியில எறக்கிவுட்ட?

பாடல கண்ணு. சும்மா சொல்லிக் காட்டறேன். நான் இப்போ பாடறதில்ல, அத அப்பால சொல்றேன்.

அன்னிக்கு அங்க நின்னு கேட்டவருதான் டெஸ்மண்ட் ரொசாரியோ. எங்க வூட்டுக்காரரு. அப்போ வூட்டுக்காரரு இல்ல. வொர்க்‌ஷாப்புல ஃபிட்டரு, சாக்ஸபோன் ஊதுவாரு, சொந்தமா ஒரு பேண்டு வெச்சிருந்தாரு. நைனா செத்து அம்பது நாள் கூட ஆவல. கூலிக்காரங்க இருக்கற லைன் வூட்டு வாசல்ல வந்து நின்னு தொப்பியக் கழட்டினாரு. எங்க லைனுக்கு வந்து தொப்பி கழட்டின சட்டக்காரன் அவரு ஒருத்தருதான். “அன்னிக்கு அழுதியே, அந்த மெட்ட இன்னொரு வாட்டி சொல்றியா?”ன்னு கேட்டாரு.

நைனா பொதச்ச மண்ணு காயல. கோவம் வரணுமில்ல எனக்கு? வரல. தொப்பியக் கழட்டினாரே.

அவருகிட்ட ஆறு அமெரிக்கா பிளேட்டு இருந்துச்சு. கப்பல்ல வேல பாத்த சித்தப்பா மவன் கொண்டாந்து குடுத்தது. எல்லாம் கறுப்பு ஜனங்க பாடினது. ரிதம் அண்ட் புளூஸுன்னாரு. அதுல ஒருத்தி, லோரெட்டா ஹேய்ஸ். லேபிள்ல பேரு மட்டும்தான், முகம் எப்டியிருக்கும்னு யாருக்கும் தெரியாது. அவ குரல மொத தபா கேட்டப்போ நான் எழுந்து நின்னுட்டேன். “இவங்க வூட்டுலயும் ஷாஃப்ட்டு இருக்குதா?”ன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. ஒரு வருசம் அவள மாதிரியே பாடிப் பாடி, இங்கிலீஷ காதாலயே புடிச்சேன்.

உனக்கு லோரெட்டாவத் தெரியுமா? மெய்யாலுமா? சொல்லு, சொல்லு... லாண்டரியில துணி தேச்சுக்கினு இருந்தாளா? மொத்தமே ரெண்டு பிளேட்டா? ஐயோ. அப்போ அந்தப் பாட்டுக்குப் பேரு? ஓஹோ. வெள்ளக்காரி ஒருத்தி அதையே பாடிப் பெரிய ஆளாயிட்டாளா. இவ இன்னா பண்ணா அதுக்கு? ஒண்ணியும் பண்ணலியா? லாண்டரிக்கே திரும்பப் போய்ட்டாளா?

அதான் அவளுக்கும் எனக்கும் வித்தியாசம்.

அவரு என் மெட்ட எடுத்து, சாக்ஸபோன் வெச்சு, டிரம்மு வெச்சு, இங்கிலீஷ்ல வார்த்த போட்டாரு. “கேஜ் கமிங் அப், இஸ் மை டாடி தேர்?” கேட்டா ஒடம்பு தானா ஆடும். ஒரு தபா சட்டக்காரங்க கிளப்புல ஜோடி ஜோடியா ஆடறவங்க எல்லாம் அந்த வரி வந்தா கண்ணடிச்சுக்கினு சிரிக்கறாங்க. இன்னாத்துக்கு சிரிக்கறாங்கன்னு அவரக் கேட்டேன். அமெரிக்காவுல டாடின்னா ஆசக்காரனாம். நைனாவ எப்டி இப்டி மாத்துனீங்கன்னு கேட்டேன். “அப்பன் செத்த பாட்டுக்கு எவன் ஆடுவான் மேகி?”ன்னாரு. என்ன மேகின்னுதான் கூப்புடுவாரு. நியாயந்தானே? தொழில் தெரிஞ்ச மனுசன்.

கிளப்பு மேடையில லைன் வூட்டுப் பொண்ணு ஏறக் கூடாது. பின்பக்கமா வந்து பாத்திரம் கழுவலாம். அதனால நோரீன முன்னாடி நிறுத்தினாரு. பச்ச கவுனு, பச்ச ஷூ, கையில மைக்கு. நான் திரைக்குப் பின்னால, பாட்டில் பொட்டி மேல உக்காந்துக்கினு இன்னொரு மைக்குல பாடுவேன். அவ வாயசைப்பா. சினிமாவுலதான் எல்லாரும் அப்டிப் பண்றாங்களேன்னாரு அவரு. அது சரிதானே? சினிமாவுல பண்றதுதானே?

ஆனா அவ அதுக்கு எப்டி ஒத்துக்கலாம்? ஒரு பொம்பளைக்கு வெக்கம் வேணாமா? ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுவாங்க. அவ திரையத் திரும்பிப் பாப்பா. எல்லாம் முடிஞ்சதும் திரையில இருக்கற ஓட்டை வழியா எனக்கு ஒரு கேக்குத் துண்டு நீட்டுவா. “யூ வேர் குட் டுநைட், மதலேன்”பா. குழி பறிக்கறவ குழிக்குப் பக்கத்துல பூச்செடி நட்ட கத.

ஐம்பத்தேழுல பெங்களூரு போய் அந்தப் பிளேட்டு போட்டோம். ஒரு ரூம்பு, செவுத்துல கம்பளி அடிச்சிருந்தாங்க, நடுவுல ஒரே மைக்கு. அன்னிக்குத் திரை இல்ல. நான்தான் மைக்குக்கு முன்னாடி. நோரீன் மூலையில ஒரு ஸ்டூல் மேல உக்காந்திருந்தா. மூணு தபா பாடினேன். மூணாவது நல்லா வந்துச்சு. கடைசி வரியில என் குரல் கொஞ்சம் ஒடஞ்சிடுச்சு. மெஷின்காரன், இன்னொரு தபா எடுக்கலாமான்னான். வேணாம், அந்த ஒடச்சல் இருக்கட்டும்னு சொன்னது நோரீன்தான். பாத்தியா, எம்மாம் பொறாம! என் பாட்டு ஒடஞ்சே இருக்கணும்னு.

மூணு மாசம் கழிச்சு பிளேட்டு வந்துச்சு. ராபர்ட்சன்பேட்டையில கடக்காரன் கண்ணாடிக்கு உள்ள நிக்க வெச்சிருந்தான். பக்கத்துல நோரீன் போட்டோ. இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கொஞ்சம் தெரியும். மதலேன்னா மொத எழுத்து எம்மு. அத மட்டும் தேடினேன். கண்ணாடியில மூக்க ஒட்டிக்கினு ஒவ்வொரு எழுத்தாத் தேடினேன். ஒரு எம்மு கெடச்சுது. டெஸ்மண்டுன்ற பேருக்கு நடுவுல இருந்துச்சு.

ஓடிப் போய் அவரக் கேட்டேன். “நான் இன்னா பண்ணட்டும் மேகி? அவ புடிவாதமா நின்னா. எம்பேரு இல்லன்னா, பாடறது லைன் பொண்ணுன்னு ஊரு பூரா போய்ச் சொல்லிடுவேன்னா”ன்னாரு. சொல்லும்போது கண்ணுல தண்ணி. என் கையப் புடிச்சாரு. அதான் மொத தபா அவரு என் கையப் புடிச்சது.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நோரீன விடக் கூடாதுன்னு.

எப்டி, எப்போன்னு ஒரு மாசம் மனசுக்குள்ளயே அறச்சுக்கினு இருந்தேன். பாத்திரம் கழுவும்போது யோசிப்பேன், பூசையில முட்டி போட்டப்பவும் யோசிப்பேன். அவசரப்படல. அப்போதான் சேதி வந்துச்சு. ஈஸ்டர் திங்கக்கெழம மத்தியானம் கிளப்புல டான்ஸு, கல்கத்தாவுலேருந்து ரிக்கார்டு கம்பெனி ஆளு ஒருத்தரு வர்றாரு, நோரீன் பாடறதக் கேட்டுட்டு இன்னும் நாலு பிளேட்டுக்குக் கையெழுத்து போடப் போறாருன்னு. நோரீனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையனும் வர்றான், அவங்க அம்மா அப்பாவும் வர்றாங்க.

சாமியே தட்டுல வெச்சுக் குடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

அன்னிக்கு ரெண்டர மணிக்கு, நான் பொட்டி மேல உக்காந்திருக்கேன், நோரீன் திரைக்குப் பின்னால வர்றா. பச்ச கவுனு இல்ல, வெள்ள கவுனு. மூஞ்செல்லாம் வேர்வ. எம்முன்னாடி குனிஞ்சு தமிழ்லயே சொல்றா. அவளுக்குத் தமிழ் நல்லா வரும். “மதலேன், இன்னிக்கு நான் திரைய இழுத்துடறேன். நீ முன்னாடி வந்து நில்லு. கம்பெனிக்காரரு உன்னப் பாக்கட்டும். டெஸ்ஸு கோவிச்சுக்குவாரு, பரவால்ல. கிளப்புக்காரங்க என்னத் துரத்தட்டும், பரவால்ல. நாம ரெண்டு பேரும் சேந்து நிப்போம்.” கைய வேற நீட்டினா.

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? “வேணாம்மா. எனக்குக் கூச்சமா இருக்குது. நீங்களே முன்னாடி நில்லுங்க”ன்னேன். நல்ல சிரிப்பா ஒண்ணு சிரிச்சேன்.

ஏன் இப்டிப் பாக்கற? வேற இன்னா சொல்லச் சொல்ற? ஒரு மாசமா வெச்ச பொறி. எலி வந்து மன்னிப்பு கேக்குதுன்னு பொறிய எடுத்துடுவாங்களா?

மூணு மணிக்கு ஆரம்பிச்சாங்க. மொத அடி பாடினேன். எப்பவும் பாடறத விட நல்லாப் பாடினேன், வேணும்னே. ஓட்டை வழியா பாக்கறேன், கம்பெனிக்காரரு நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. அவளக் கட்டிக்கப் போறவன் அவங்க அம்மா காதுல ஏதோ பெருமையா சொல்றான். ஜனங்க ஆட எழுந்தாச்சு. ரெண்டாவது அடி. “கேஜ் கமிங் அப்”ன்னேன். அப்டியே வாய மூடிக்கினேன்.

நோரீன் வாய் தொறந்து இருக்குது. கை மேல தூக்கி இருக்குது. சத்தம் இல்ல. டிரம்மு நாலு தட்டு தட்டிட்டு நின்னுடுச்சு. அவரு சாக்ஸபோன வாயிலேருந்து எடுக்காமயே திரையத் திரும்பிப் பாத்தாரு. யாரோ ஒருத்தன் சிரிச்சான். அப்பால எல்லாரும். ரொட்டித் துண்டு ஒண்ணு பறந்து வந்து அவ கவுன் மேல வுழுந்துச்சு.

அவ திரைப் பக்கம் திரும்பினா. ஓட்டை எங்க இருக்குதுன்னு அவளுக்குத் தெரியுமே, நேரா என் கண்ணயே பாத்தா. மைக்கக் கீழ வெச்சா. படி எறங்கி, கூட்டத்துக்கு நடுவுலயே நடந்து போனா. கட்டிக்கப் போறவன் எழுந்தான். அவ பின்னாடி போவான்னு நெனச்சேன். போவல. அவங்க அம்மாவக் கூட்டிக்கினு வேற கதவு வழியா போய்ட்டான்.

வெளிய போய் அவ என்னக் காட்டிக் குடுத்திருக்கலாம். பின்னால ஒருத்தி இருக்கான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. இன்னாத்துக்குச் சொல்லலன்னு நீ கேப்ப. அழுத்தக்காரி, அதான்.

நிச்சயம் முறிஞ்சுது. தெருவுல அவளப் பாத்தா பசங்க வாய மட்டும் அசச்சுக் காட்டுவாங்க. அஞ்சாறு மாசத்துல அவங்க குடும்பமே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. ஸ்டேஷனுக்குப் போய் நின்னு பாத்தேன். தூரமாத்தான். ரயிலு பாலத்தத் தாண்டி மறையற வரைக்கும் நின்னேன். அன்னிக்குச் சாப்ட்ட சோறு மாதிரி ருசியா அப்பால நான் சாப்ட்டதே இல்ல.

பேண்டும் போச்சு. அவர ஒருத்தரும் கூப்புடல. ரெண்டு வருசம் குடிச்சாரு. அப்பால அவங்க அம்மா செத்து, சமைக்க ஆளில்லாம, என்னக் கட்டிக்கினாரு. சட்டக்காரரு லைன் வூட்டுப் பொண்ணக் கட்டறதுன்னா லேசா? அவங்க சாதிசனம் ஒருத்தரும் கோயிலுக்கு வரல. எனக்காக எம்மாம் வுட்டாரு பாரு! நோரீனுக்கு ஒண்ணியும் கெடக்கல, எனக்கு அவரு கெடச்சாரு. யாரு ஜெயிச்சா, நீயே சொல்லு.

ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு. வூட்டுல பாடக் கூடாது. அவருக்கு அந்த நாளெல்லாம் நெனப்பு வந்துடுமாம், தாங்காதாம். சரின்னுட்டேன். மூணு புள்ளைங்களயும் தட்டித் தட்டியேதான் தூங்க வெச்சேன். மொத மொதல்ல பாட்டு வாய் வரைக்கும் வந்துடும், உதட்டக் கடிச்சுக்குவேன். அப்பால பழகிடுச்சு. அம்பது வருசம். அவரு போயி பதினோரு வருசம் ஆவுது. இப்போ பாடலாம்தான், யாரு கேக்கப் போறா? ஆனா வரல. ஒரு நாள் கதவச் சாத்திக்கினு வாயத் தொறந்து பாத்தேன். காத்துதான் வந்துச்சு.

இந்த ஊர்ல பிளேட்டு ஒண்ணு கூட இல்லன்னு சொல்றியே, எப்டி இருக்கும்? சட்டக்காரங்க ஒவ்வொரு வூடா ஊரக் காலி பண்ணப்போ நான்தான் மூட்ட கட்டப் போவேன். நோரீன் பேரு போட்ட பிளேட்டு கண்ணுல பட்டா முந்தானைக்குள்ள வெச்சுக்கினு வந்துடுவேன். பின்கட்டுல கல்லு மேல வெச்சு ஒரே போடு. பதினாலு ஒடச்சேன். அவ பேரு இந்த ஊர்ல ஒரு வூட்டுலயும் சுத்தக் கூடாதுன்னுதான். என் குரலும் போச்சேன்னு நீ சொல்லுவ. போவட்டும். மூட்டப்பூச்சிக்குப் பயந்து பாயக் கொளுத்தறவங்க பாய்க்கு அழுவாங்களா?

நோரீன் லெட்டரு போடுவா. கிறிஸ்மஸுக்கு கிறிஸ்மஸ். மொத லெட்டர கான்வென்ட்டு சிஸ்டர்கிட்ட படிக்கக் குடுத்தேன். “டெஸ்ஸுகிட்ட மூணு வாட்டி கெஞ்சினேன் மதலேன், உம்பேரப் போடுங்கன்னு. லைன் பொண்ணு பேரு போட்டா எவனும் வாங்க மாட்டான்னு சொல்லி அவருதான்”ன்னு சிஸ்டர் படிச்சாங்க. பாதியிலயே புடுங்கி அடுப்புல போட்டேன். பாத்தியா நாக்க! கடல் தாண்டிப் போயும் எம்புருசன் மேல பழி போட்றா. அப்பால வந்தத எல்லாம் பிரிக்கவே இல்ல. நேரா அடுப்பு.

இப்போ நீ வந்து சொல்ற. பெர்த்துன்ற ஊர்ல முதியோர் இல்லத்துல கெடக்கறா, அவகிட்ட ஒரு பிளேட்டு பத்தரமா இருக்குது, அத மறுபடியும் வெளிய கொண்டாரப் போறீங்க, அதுல எம்பேரத்தான் போடணும்னு அவளே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கா. போன்ல அழுதா, மதலேன் சம்மதிக்கணும்னு சொன்னா. ரெண்டே வரி நான் பாடிக் குடுத்தா, குரல் ஒண்ணுதான்னு நிரூபிச்சுடலாம். அவ்ளோதானே?

காயிதத்த அப்டி வை. நான் கையெழுத்து போட மாட்டேன்.

அவசரப்படாத கண்ணு, எனக்குப் புத்தி கெட்டுப் போவல. அறுபத்திரெண்டு வருசமா அவ நெஞ்சுல அது முள்ளா இருக்குது. எடுத்து வுடுங்கன்னு இப்போ ஆளு அனுப்பறா. எம்பேரப் போட்டுட்டு நிம்மதியா கண்ண மூடலாம்னு பாக்கறா. நான் இன்னாத்துக்கு எடுக்கணும்? உன் மெஷினு ஓடுதா? ஓடுதில்ல? கேட்டுக்க. அந்தப் பாட்ட நான் பாடல. பாடினது நோரீன் டிக்ரூஸ். நல்ல பெருசா அவ பேரயே போடு. போட்டோவும் போடு. அந்தப் பச்ச கவுன் போட்டோ. ஊரு ஒலகம் எல்லாம் அவளப் புகழட்டும். ஒவ்வொருத்தரும் புகழும்போது அவ வாய மட்டும் அசைக்கட்டும்.

உங்களுக்குத்தானே நஷ்டம்னு சொல்ற. இருக்கட்டும். எனக்கு நஷ்டம் ஒண்ணும் புதுசு இல்ல.

கெளம்பிட்டியா? காப்பி கூட குடிக்கல. சரி. இன்னிக்குச் சாயங்காலம் அவளுக்குப் போன் போடுவியா? போடு. மதலேன் மாட்டேன்னுட்டான்னு சொல்லு, இதே வார்த்தையச் சொல்லு, கூட்டாத, கொறைக்காத. அதுக்கு அவ இன்னா சொன்னா, அழுதாளா, எத்தினி நேரம் அழுதா, எல்லாத்தயும் கேட்டுக்க. நாளைக்கே வந்து எனக்குச் சொல்லணும். போன்ல வேணாம், காது சரியாக் கேக்கல. நேர்ல வா கண்ணு. நான் வாசல்லயே உக்காந்திருப்பேன்.